விளக்கை அணைக்கச் சொல்ல வாய் வந்தது, ஆணுறைக்கு வரவில்லை

கடைக்காரத் தம்பி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

வயது 36. அப்பா தமிழ் வாத்தியாராக இருந்தவர், அதனால் எங்கள் வீட்டில் இன்னும் தமிழ் ஓடுகிறது. வெளியே முழுக்க க்ரியோல்தான். இதை க்ரியோலில் எழுதினால் யார் எழுதியது என்று இந்தத் தீவில் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அது இப்போது பிரச்சினை இல்லை. பிரச்சினை என் நெஞ்சு. பதினாலு வயதிலிருந்தே மார்பு தளர்ந்து முன்னால் தள்ளி நிற்கும். பள்ளியில் வைத்த பெயரை எழுத மாட்டேன். பிப்ரவரி வெயிலிலும் பனியன், அதற்கு மேல் கறுப்புச் சட்டை. உட்கார்ந்தவுடன் இரண்டு விரலால் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்து விடுவேன். ஹார்டுவேர் கடையில் கூட வேலை செய்யும் பையன் ஒருநாள் அதை அப்படியே நடித்துக் காட்டினான். அன்றுதான் எத்தனை முறை செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

ஆண்கள் ஆண்களைத் தேடும் ஆப்பில் என் படம் கழுத்தோடு நின்றுவிடும். மற்றவர்கள் படம் கழுத்திலிருந்துதான் தொடங்கும். இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு ஆள் கிடைப்பான்.

பதினோரு நாள் முன்னால் அப்படிக் கழுத்துக்குக் கீழே தொடங்கும் ஒருவன் ஃப்ளிக் ஆங் ஃப்ளாக்கில் தன் வீட்டுக்கு வரச் சொன்னான். போனேன். உள்ளே நுழைந்ததும் விளக்கை அணைக்கச் சொன்னேன், அணைத்தான். என் பர்ஸில் ஆணுறை இருந்தது. பர்ஸ் பேண்டில், பேண்ட் நாற்காலியில், நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில். அவன், "நான் சுத்தம்தான்" என்றான். நான் சரி என்றேன். இப்படிப்பட்ட உடம்புக்காரன் என்னைத் தொடுவதே பெரிது, இதில் நிபந்தனை வேறா என்று தோன்றியது. ஏற்றது நான், புரிகிறவர்களுக்குப் புரியும்.

இப்போது ஒழுங்காகத் தூக்கம் இல்லை. எப்போது சோதனை செய்ய வேண்டும்? இரண்டாவது, தைப்பூசக் காவடி வருகிறது, அம்மா நேர்ந்திருக்கிறார். வெற்று மார்போடு கோர் த கார்ட் மலைக் கோயில் படி ஏற வேண்டும். மார்பைக் குறைக்க ஊசி இருக்கிறது என்று ஜிம்மில் ஒருவன் சொல்கிறான். போடலாமா? உடம்பில் ஏதாவது தொற்று இருந்தால் பத்து நாள் விரதம் இருக்கலாமா என்பது மூன்றாவது, சிரிக்காதீர்கள்.

இரவு டூட்டி

சிரிக்கவில்லை தம்பி. திருச்சியிலிருந்து இங்கே மொரீஷியஸுக்கு நர்ஸாக வந்து எட்டு வருஷம் ஆகிறது, இதைவிடக் கஷ்டமான கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறேன்.

எச்ஐவி தொற்றாமல் தடுக்க, நடந்த பிறகு சாப்பிடும் மாத்திரை ஒன்று உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உனக்கு அந்த வண்டி போய்விட்டது. அடுத்த முறைக்காவது நினைவில் வைத்துக்கொள், மறுநாள் காலையிலேயே ஓட வேண்டிய விஷயம் அது.

ரத்தத்தை லேபுக்கு அனுப்பிச் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை என்றால் 45 நாள் கழித்து வரும் முடிவை நம்பலாம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனைக்கு 90 நாள். இன்றைக்கே போய்ப் பார்த்து 'இல்லை' என்று வந்தால் அது அந்த இரவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு நடுவில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்.

எச்ஐவியை மட்டும் நினைத்துப் பயப்படுகிறவர்கள் மற்றதை மறந்துவிடுகிறார்கள். கொனோரியா, கிளாமிடியா இரண்டுக்கும் இரண்டு வாரத்தில் சோதிக்கலாம். ஆனால் சிறுநீர் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. ஏற்றவன் நீ, அதனால் ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் தொண்டையிலும். அங்கே தொற்று இருந்தும் வலி, சீழ் எதுவும் இல்லாமல் கிடக்கும், சிறுநீரில் தெரியாது. கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி நீட்டு. சிஃபிலிஸுக்கு இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை. மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்றும் பார்.

அந்த "சுத்தம்" என்ற வார்த்தைதான் எனக்கு எரிச்சல். கடைசியாக எப்போது சோதித்தான் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தேதி தெரியாது. எச்ஐவி இருந்து, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில் பரவாது. ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் 76,000 தடவைக்கு மேல். துணையிடமிருந்து தொற்று வந்தது ஒருவருக்குக்கூட இல்லை. தனக்கு இருப்பது தெரியாமல் "சுத்தம்" என்கிறவனிடம்தான் ஆபத்து.

இங்கே அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. தெரிந்த முகம் பார்க்கப் பயமாக இருந்தால் பில்ஸ் (PILS) என்ற எச்ஐவி உதவி அமைப்புக்குப் போன் போட்டுக் கேள், 1996-லிருந்து இதே வேலையாக இருப்பவர்கள். ஆணுறைக்குக் கூடவே, எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டிச் சாப்பிடும் பிரெப் மாத்திரை பற்றியும் விசாரி. போலீஸ் பயம் வேண்டாம். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 250-ஆம் பிரிவு செல்லாது என்று 2023 அக்டோபர் 4-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

விரதம் இரு. கிருமிக்கும் தீட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

டர்பன் தாத்தா (தாத்தா இல்லை, 49தான்)

நம்ம தமிழ் பாட்டி சொல்லிக் கொடுத்த தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

தம்பி, ஊசி வேண்டாம். நான் போட்டவன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஜிம், பேர் வேண்டாம். பன்னிரண்டு வாரம் போட்டேன். தோள் வந்தது, கை வந்தது, பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது மாதம் மார்க்காம்புக்குக் கீழே பட்டன் மாதிரி ஒன்று கெட்டியாகக் கையில் தட்டியது, தொட்டால் வலி. வெளியிலிருந்து போடும் ஆண் ஹார்மோனில் ஒரு பங்கை உடம்பு பெண் ஹார்மோனாக மாற்றிவிடும், அது மார்புச் சுரப்பியை வளர்க்கும். மார்பைக் குறைக்கப் போடுகிற ஊசி மார்பையே வளர்க்கிறது! கீழே விதைகள் சுண்டைக்காய் ஆனது தனிக் கதை. உடம்பைக் காட்டி ஆள் பிடித்தேன், பிடித்த பிறகு ஒன்றும் எழவில்லை. எழ மாத்திரை போட்டேன். அதோடு பாப்பர்ஸ் (உடலுறவு நேரத்தில் குப்பியிலிருந்து முகரும் ரசாயனம்) முகர்ந்து ஒருநாள் பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். அந்த இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், ஆள் செத்தும் போகலாம். ஊசியை இரண்டு பேர் பகிர்ந்தால் எச்ஐவி, கல்லீரல் அழற்சி சி எல்லாம் அந்த வழியிலும் வரும்.

உன் மார்பை டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும். மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு, எடை குறைந்தால் குறையும். காம்புக்கு அடியில் வட்டமாகக் கெட்டியாக இருந்தால் சுரப்பி, எத்தனை தண்டால் எடுத்தாலும் போகாது. வேண்டுமென்றால் ஆபரேஷன் உண்டு. ஒரு பக்கம் மட்டும் புதிதாகக் கட்டி, காம்பில் கசிவு என்றால் தள்ளிப்போடாதே.

காவடி விஷயம்: பழனியில் கோவணத்தோடு நிற்கிறவனைப் பார்க்கத்தானே போகிறாய். அண்ணன்காரருக்குத் தொப்பை. அந்தக் குடும்பத்துக்கு உன் நெஞ்சு பெரிசாப் படாது.

பாதி இங்கே பாதி அங்கே

எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒருவனுக்கு ஒரு உடம்பு பிடிக்கும், இன்னொருவனுக்குப் பிடிக்காது, அதில் குற்றம் இல்லை. அதை "குண்டன் வேண்டாம்" என்று முகப்பில் எழுதி வைப்பதுதான் அசிங்கம். எனக்குப் பெண்களையும் பிடிக்கும், ஆண்களையும் பிடிக்கும். பெண்ணோடு இருக்கும்போது என் தொந்தி ஒரு தடவைகூட நினைவுக்கு வந்ததில்லை. ஆணோடு என்றால் வயிற்றை எக்கிக்கொண்டே இருப்பேன். அதே தொந்திதான்.

இன்னொன்று. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. எனக்கு விறைப்பு சரியாக நிற்காமல் போனபோது ஆணுறையைக் குறை சொன்னேன், அப்புறம் வெட்கத்தைக் குறை சொன்னேன். கடைசியில் ரத்தத்தில் சர்க்கரை. அந்தச் சின்ன ரத்தக்குழாய்கள்தான் முதலில் அடிபடும். உனக்கும் அப்படி இருந்தால் சோதனைக்குப் போகும் அன்றே அதையும் பார்த்துவிடு.

கடைக்காரத் தம்பி

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். போனேன். சீட்டில் எழுதிக் கொண்டுபோனேன், நீட்டவில்லை, வாயாலேயே சொன்னேன். அந்த அம்மா தலை நிமிராமல், "சரி, அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள்" என்றார், அவ்வளவுதான். கிளாமிடியா இருக்கிறது, ஆசனவாயில் மட்டும். சிறுநீரில் ஒன்றும் இல்லை. ஏழு நாள் மாத்திரை. எச்ஐவிக்கு 46-ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அப்பா என்ன விசேஷம் என்றார், கடையில் ஸ்டாக் எடுப்பு என்றேன்.

அவனுக்கும் சொல்ல வேண்டுமே. "எனக்குத் தொற்று வந்திருக்கிறது, நீயும் போய்ப் பார்" என்று அனுப்பினேன். முதலில் கோபம். ஒரு மணி நேரம் கழித்து, கடைசியாகச் சோதித்தது மூன்று வருஷம் முன்னால் என்று பதில் வந்தது. அதற்குக் கீழேயே இன்னொன்று: அன்றைக்கு விளக்கை அணைத்தது தனக்கும் நிம்மதியாக இருந்ததாம், முதுகெல்லாம் பருத் தழும்பாம். நான் கவனிக்கவே இல்லை. அது ஜிம் ஊசி போட்டு வந்த பருவோ என்னவோ, டர்பன் அண்ணா சொன்னதை அனுப்பியிருக்கிறேன்.

காவடிக்கு அப்பா வேட்டி வாங்கி வந்தார். கூடவே, நான் கேட்காமலே, தோளில் போட ஒரு துண்டு. வேண்டுமா என்று அன்று காலையில் பார்த்துக்கொள்கிறேன்.