மறு: சன் ஃபிலிம் – தமிழில் என்ன சொல்லலாம்?

> சன் கண்ட்ரோல் ஃபிலிம் = சூரியக் கட்டுப்பாட்டுப் படலம். சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை ஐயா. சூரியனையா கட்டுப்படுத்துகிறோம்? கண்ணாடியில் ஒரு மெல்லிய படலத்தை ஒட்டி, காருக்குள் வரும் வெயிலைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்க் கோட்டை எதிரே ஒரு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கைத் தொட்டவர்களுக்கு 'வெயில்' என்ற சொல்லே போதும்.

நான் முன்வைப்பது: வெயிலேடு. பாலேட்டில் வரும் அதே ஏடு. அதைப் போலவே மெல்லிசு, அதைப் போலவே சுருங்கும்.

> ஏடு என்றால் பத்திரிகை என்று நினைத்துவிட மாட்டார்களா?

நாளேடு என்றால் பத்திரிகை, பாலேடு என்றால் பாலின் மேல் படியும் ஆடை. குழப்பம் வந்ததில்லையே. 'கறுப்புக் கண்ணாடி' மட்டும் வேண்டவே வேண்டாம். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்தது கண்ணாடி மேல் ஏடு ஒட்டுவதைத்தான். ஆலையிலேயே நிறமேற்றிய கண்ணாடி, முன்னும் பின்னும் 70, பக்கங்களில் 50 விழுக்காடு ஒளியை விட்டால் போதும் என்றது. திருத்திய விதிப்படி அந்த அளவுக்குள் ஒட்டவும் செய்யலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஏடு வேறு, கண்ணாடி வேறு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

ஆனால் பெயரைவிட எனக்குப் பழுதைச் சொல்லும் சொற்கள்தான் முக்கியம். கடையில் எல்லாமே 'பபிள்'. போன மாதம் காட்பாடியில் என் மைத்துனர் புது ஏடு ஒட்டினார். மூன்றாம் நாள் சின்னச் சின்னப் பொட்டுகள். பபிள் வந்துவிட்டது, உரித்து மறுபடி ஒட்ட வேண்டும் என்றார்கள். இவரும் பணம் கொடுத்துவிட்டார். அது ஒட்டும்போது தெளித்த சோப்புத் தண்ணீரின் மிச்சம். கண்ணாடியை இறக்காமல் சில நாள் வெயிலில் விட்டிருந்தால் தானே காய்ந்திருக்கும். என் பழைய காரில் வந்தது வேறு. சாயம் வெளுத்து ஊதாவாகி, பசை விட்டுப்போய், பின் கண்ணாடி முழுக்க உப்பி நின்றது. ஊசியால் குத்தி அமுக்கினேன், மறுபடி உப்பியது. மாற்றினால்தான் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால்தான் காத்திருக்க வேண்டியவர் பணத்தை இழக்கிறார்.

முதலாவதை ஈரக்குமிழ் என்போம். இரண்டாவது கொப்புளம்; கேட்டதுமே அடியில் ஏதோ கெட்டிருக்கிறது என்று புரிந்துவிடும்.

எடுப்பதற்கு 'உரித்தல்' போதும். தோல் பதனிடும் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்தில் உரிப்பதும் சுரண்டுவதும் ஒன்றல்ல என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏட்டையும் சூடு காட்டி, பசையை இளக்கி, மெல்லத்தான் உரிக்க வேண்டும். பின் கண்ணாடியில் பிளேடு வைத்துச் சுரண்டினால், ஆவி படியாமல் காக்கும் கம்பிக்கோடுகள் அறுந்துவிடும்.

ஏட்டின் அடுக்குகளே ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வருவதற்கு 'அடுக்குப்பிரிவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கு நிறைவில்லை. ஒட்டும் வேலை செய்கிற யாராவது இங்கே இருந்தால், உங்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.