புதுப்பிப்பு: ராச்செஸ்டர் இன்னர் லூப், பள்ளத்தை மூடிய பிறகு

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பள்ளத்தில் ஓடிய இன்னர் லூப் நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதியை மண் நிரப்பி மூடியது பற்றிய என் பதிவில், "நிரப்பிய மண்ணில் கட்டடம் நிற்குமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நிற்கும். ஆனால் மண்ணை மொத்தமாகக் கொட்டக் கூடாது. ஓர் அடிக்கும் குறைவான அடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, ரோலரால் இறுக்கி, சோதித்த பிறகே அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் தரை அமிழும், கழிவுநீர்க் குழாய் இணைப்புகள் விட்டுப்போகும். இதைவிடத் தொல்லை, பழைய பள்ளத்தின் விளிம்பு: கட்டடத்தில் பாதி கெட்டித் தரையிலும் பாதி நிரப்பிலும் உட்கார்ந்தால் சுவர் கோணலாக வெடிக்கும். மனை வாங்குபவர் மண் ஆய்வு அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த விளிம்பு எங்கே போகிறது என்பதைத்தான்.

2017-ல் வேலை முடிந்து சுமார் 6 ஏக்கர் மீண்டது. அங்கே குடியிருப்புகள் எழுந்துவிட்டன. வடக்குப் பகுதியையும் இப்படி மூட 2022-ல் மாநில அரசு 10 கோடி டாலர் அறிவித்தது. அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது.