நேரில் பார்த்த அபூர்வ ஆஸ்திரேலிய கார்கள்: அனுபவப் பகிர்வு

சிட்னி, ஜெட்லாண்டிலிருந்து

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்துத் தெருவின் பெயர் லேலண்ட் குரோவ். குடிவந்த புதிதில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நான் வளர்ந்தது எண்ணூரில். அப்பா அசோக் லேலண்டில் ஃபிட்டர். லேலண்ட் என்றால் எனக்கு லாரியும் பஸ்ஸும், அப்பாவின் காக்கிச் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத ஆயில் வாசனையும்தான். அந்தப் பெயருக்கு இந்த ஊரில் என்ன வேலை?

விசாரித்தால், இந்த விக்டோரியா பார்க் குடியிருப்பு நிற்கிற இடமே ஒரு காலத்தில் கார் தொழிற்சாலையாம். அதற்கும் முன்னால் குதிரைப் பந்தய மைதானம். 1973-ல் லேலண்ட் பி76 என்ற பெரிய கார் இங்கிருந்துதான் வெளிவந்தது. இத்தாலியின் கார் வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி கைவண்ணத்தில் உருவான உடல், 4.4 லிட்டர் அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின். 44 காலன் பீப்பாய் அதன் டிக்கியில் அடங்கும் என்று விளம்பரம் செய்தார்கள், அடங்கவும் செய்தது. வண்ணங்களுக்கு வைத்த பெயர்களே தனி அழகு: ஹேரி லைம், பிளம் லோகோ, பீல் மீ எ கிரேப். வீல்ஸ் பத்திரிகையின் அந்த ஆண்டுக்கான சிறந்த கார் விருதும் இதற்குத்தான். ஆனால் அவசர வேலைப்பாடு, நேரத்துக்கு வந்து சேராத உதிரி பாகங்கள், அந்த நேரம் பார்த்து வந்த எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அடித்ததில் 1974 கடைசியில் ஜெட்லாண்டில் கார் செய்வது நின்றது.

என் மனதைப் பிடித்துக்கொண்டது பி76 அல்ல, அதன் தம்பி ஃபோர்ஸ் 7வி. இரண்டு கதவு கூபே. பின்பக்கம் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும். சுமார் 60 வண்டிகள் செய்திருந்தார்கள். ஒன்றுகூட ஷோரூமுக்குப் போகவில்லை. 10 மட்டும் தப்பித்தன, மற்றதையெல்லாம் நசுக்கிவிட்டார்கள். தப்பிய பத்தில் ஒன்று தெற்கு ஆஸ்திரேலியாவில், பேர்ட்வுட் ஊரின் தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

அங்கே மற்ற கார்களைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இதன் முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் நின்றேன். அப்பா எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் பார்ப்பார். நானும் குனிந்து பார்த்தேன். மேலே கொஞ்சம் அகலம், கீழே கொஞ்சம் குறுகல். யாரோ கையால் தட்டித் தட்டி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி தட்டிப் பொருத்திய கதவு அது. நான் இப்போது படுத்துத் தூங்குகிற இடத்தில்தான் அவர் நின்று வேலை செய்திருப்பார் என்று தோன்றியது. ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

உங்களில் யார் எதைப் பார்த்திருக்கிறீர்கள்? ஏல விலை எல்லோருக்கும் தெரியும். நேரில் பார்த்ததையும், காதால் கேட்டதையும், தொட்டதையும் எழுதுங்கள்.

அடிலெய்டிலிருந்து

அண்ணை, நீங்கள் பேர்ட்வுட்டுக்குப் போன பாதையிலதான் எங்கட கதையும் நடந்தது. இஞ்ச 1980-ல தொடங்கின ‘பே டு பேர்ட்வுட்’ எண்டு ஒரு பழைய கார் ஊர்வலம் இருக்கு. கடற்கரைப் பக்கமிருந்து வெளிக்கிட்டு, மலையேறி அந்த மியூசியத்திலதான் போய் முடியும். சனம் வழிநெடுக கதிரை போட்டுக்கொண்டு இருந்து கை காட்டும். நாங்களும் தேத்தண்ணிப் போத்தலோட போய் இருந்தனாங்கள்.

பெரிய பெரிய கார்களுக்கு நடுவில, ஒரு சின்னப் பெட்டி மாதிரி ஒண்டு இருமிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால ஓரங்கட்டினது. லைட்பேர்ன் ஸீட்டா. அடிலெய்டிலயே 1963-ல இருந்து 65 வரைக்கும் செய்தது. செய்த கொம்பனி சீமெந்து குழைக்கிற மெஷினும் உடுப்புத் தோய்க்கிற மெஷினும் செய்து பேரெடுத்தது. வித்தது 400-க்கும் குறைவு. ஃபைபர் கிளாஸ் பொடி, 324 சிசி வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

ஓட்டிக்கொண்டு வந்த ஐயா வலு சந்தோசமா எல்லாம் காட்டினவர். பெற்றோல் எவ்வளவு கிடக்கு எண்டு பாக்க டாஷ்போர்டில ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். பின்னால சாமான் வைக்கக் கதவு இல்லை, முன் சீற்றைக் கழட்டித்தான் வைக்கவேணும். என்ர மகள் “ரிவர்ஸ் எங்க?” எண்டு கேட்டாள். ஐயா எஞ்சினை நிப்பாட்டினார். திருப்பி ஸ்டார்ட் பண்ணினார். சத்தம் அதேதான், ஆனா எஞ்சின் இப்ப மற்றப் பக்கமாச் சுத்துது! அப்படியே பின்னால போனார். முன்னுக்குப் போக நாலு கியர் எண்டால் பின்னுக்குப் போகவும் அதே நாலு கியர். மகள் அண்டைக்கு முழுக்க அதைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தாள்.

மெல்பன், மேற்குப் புறத்திலிருந்து

இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நான் சொல்லப்போவது கிரைஸ்லர் வேலியன்ட் சார்ஜர் இ49 பற்றி. 1972-ல் செய்தது, மொத்தமே 149. வி8 கிடையாது. ‘ஹெமி’ என்று பெயர் வைத்த 4.3 லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், வெபர் 45 வகை, மூன்று; ஒவ்வொன்றிலும் காற்று இழுக்கும் தொண்டை இரண்டு, ஆகமொத்தம் ஆறு, சிலிண்டருக்கு ஒன்று. 302 குதிரைத்திறன் என்று கம்பெனியே சொன்னது. அதற்கு முந்தைய இ38-க்கு மூன்று கியர்தான், இதில் நான்காக்கினார்கள்.

உண்மையான இ49 ஒன்று ஒரே ஒருமுறை என் கைக்கு வந்தது. ஐட்லிங்கில் நிற்காமல் துள்ளுகிறது என்று கொண்டுவந்தார்கள். இந்தக் கார்புரேட்டர்களைச் சமன் செய்ய இப்போது மீட்டர் எல்லாம் உண்டு. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒரு முழ நீள ரப்பர் டியூபைத்தான் தருவார். ஒரு முனை காதில், மறுமுனை ஒவ்வொரு தொண்டையாக. காற்று இழுக்கும் ‘ஸ்ஸ்ஸ்’ ஆறிலும் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் மட்டும் கொஞ்சம் கீழே பேசின. ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, கேட்டு, மறுபடி திருப்பி, காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. ஆறும் சேர்ந்த அந்த நொடி வண்டியின் உடம்பு நடுக்கம் நின்றது. ஃபெண்டர் மேல் வைத்திருந்த ஸ்பேனர் அதுவரை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது, அசையாமல் படுத்துவிட்டது. வண்டிக்காரர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு விரலை ‘வி’ மாதிரி தூக்கிக் காட்டினார். 1971-ல் வந்த ‘ஹே சார்ஜர்’ விளம்பரத்தில் அப்படித்தான் காட்டுவார்கள். அந்தத் தலைமுறைக்கு இன்னும் கை தானாக எழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு தம்பி இன்னொரு இ49-ஐ என்னிடம் கொண்டுவந்தார். பெயின்ட், பட்டை, வெபர் மூன்று, எல்லாம் கச்சிதம். இன்ஜின் அறையில் உள்ள, வண்டியின் அடையாள விவரம் அச்சடித்த தகட்டைப் பார்த்தேன். ரிவெட் புதுசு, எழுத்துகளின் அச்சு ஆழம் வேறு. சாதாரண சார்ஜரை மாற்றிக் கட்டியது. வீட்டுக் கடனில் கை வைத்து முன்பணம் கொடுத்திருந்தார் அந்தத் தம்பி. பாதிதான் திரும்பக் கிடைத்தது. அபூர்வ வண்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து அந்த மாடலையே பலவருஷம் பார்த்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். காசு கேட்டால் கொடுங்கள்.

ஜீலாங்கிலிருந்து

நான் பார்த்தது ஐந்து நிமிஷம்தான். கிரேட் ஓஷன் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். எனக்கு முன்னால் என் இடுப்பு உயரம்கூட இல்லாத சிவப்புக் கார். பின்னால் ‘நகரி’ என்று எழுதியிருந்தது. திருத்தணிக்காரனான எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! எங்களுக்கு நகரி அடுத்த ஊர். இது போல்வெல் நகரி. விக்டோரியாவில் போல்வெல் சகோதரர்கள் 1970 முதல் 74 வரை செய்தது, 120-ஐக்கூடத் தொடவில்லை. ஃபைபர் கிளாஸ் உடலுக்குள் ஃபோர்டு வி8. பெயர் இங்குள்ள பழங்குடி மொழியில் ‘பாய்ந்தோடுவது’ என்ற பொருளாம். கிளம்பியபோது அதற்கு வேறு பெயர் பொருந்தாது என்று தோன்றியது.

ஆரஞ்ச், நியூ சவுத் வேல்ஸிலிருந்து

எனக்கு கார் பைத்தியமெல்லாம் கிடையாது, பையனுக்காகத்தான் போனோம். பாதர்ஸ்ட் எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே மவுன்ட் பனோரமா பந்தயப் பாதை மற்ற நாட்களில் ஊர்ச் சாலை. யாரும் ஓட்டலாம், 60-க்கு மேல் போகக்கூடாது. உச்சியிலிருந்து இறங்கும்போது 40-லேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கீழே ஒரு மஞ்சள் கார் நின்றது. என் கணவர் “ஃபேஸ் த்ரீ” என்று முணுமுணுத்துக்கொண்டே எங்கள் காரை நிறுத்தினார். ஃபோர்டு ஃபால்கன் ஜிடிஹெச்ஓ, 1971, மொத்தம் 300. அந்தக் காலத்தில் கடையில் விற்கிற காரைத்தான் இங்கே பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று விதி. ஆகவே பந்தயத்துக்கு வேண்டியதையெல்லாம் நாலு கதவுக் குடும்பக் காருக்குள் வைத்து விற்றார்கள். அடிக்கடி நிறுத்தாமல் இருக்க 164 லிட்டர் டேங்க்! மணிக்கு 225 கிலோமீட்டரைத் தாண்டும். பந்தய வீரர் ஆலன் மொஃபட் அந்த வருஷம் இங்கே இதில்தான் ஜெயித்தார், கிரில்லில் ஒரு பீர் அட்டைப்பெட்டி வந்து ஒட்டிக்கொள்ள, அதோடேயே ஓட்டினாராம். 1972 ஜூனில் ‘மணிக்கு 160 மைல் போகும் கார்கள் வருகின்றன’ என்று பத்திரிகையில் வர, அமைச்சர்கள் கொதிக்க, அடுத்ததான ஃபேஸ் ஃபோர் நான்கு வண்டிகளோடு நின்றது.

இதெல்லாம் காரின் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டிய மனிதர், பொறுமையாகச் சொன்னது. பிறகு பையனைக் கூப்பிட்டு, பானெட்டில் துளை போட்டு மேலே எட்டிப்பார்க்கிற கருப்பு மூடியின் மேல் கை வைக்கச் சொல்லி, ஸ்டார்ட் செய்தார். பானெட் அசையவில்லை. அந்த மூடி மட்டும் இன்ஜினோடு சேர்ந்து உதறியது. பையன் கையை எடுக்கவேயில்லை. “இவ்வளவு விலை போகிற வண்டியை ஏன் வெளியே எடுக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “இந்த மலைக்காகத்தானே இதைச் செய்தார்கள்” என்றார்.

உங்கள் அப்பா ஃபோட்டோவைப் பார்த்து என்ன சொன்னார் அண்ணா? அதை எழுதவில்லையே.

சிட்னி, ஜெட்லாண்டிலிருந்து

சொல்கிறேன்மா. அன்றைக்கு ராத்திரியே ஃபோன் செய்தார்.

“கதவு கேப் பார்த்தியா?”

“பார்த்தேன்பா. மேல அகலமா இருக்கு.”

“முதல் வண்டிங்க அப்படித்தான் இருக்கும். நூறு வண்டி போச்சுன்னா கை பழகிடும். எத்தனை செஞ்சாங்க?”

“அறுபது.”

“மிச்சம்?”

“பத்துப்பா. மீதியை நசுக்கிட்டாங்க.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“செஞ்சவங்க கண்ணு முன்னாடியா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் இங்கே வருகிறார்கள். பேர்ட்வுட்டுக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன்.