ஹெல்சிங்கி – சவோன்லின்னா பயணம் யுஹானுஸ் விடுமுறையில் மாட்டிக்கொண்டது, எப்படிச் சரிசெய்வது?

செம்பருத்தி:
வணக்கம். நானும் அம்மாவும் 2026 ஜூன் 19 வெள்ளி மதியம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இறங்குகிறோம். விமான டிக்கெட்டை மாற்ற வழியில்லை. வெள்ளி, சனி ஊர் சுற்றல், ஞாயிறு ரயிலேறி ஏரி நகரமான சவோன்லின்னா, புதன் வரை ஏரிப் பக்கம், வியாழன் மாலை ஊர் திரும்பல் என்று திட்டம். விடுதியிலிருந்து இப்போதுதான் தகவல் வந்தது: அந்த இரண்டு நாளும் யுஹானுஸ், வரவேற்பில் ஆள் இருக்காது, கதவுக்கான எண்ணை அனுப்பிவிடுவார்களாம். நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் மூடியிருக்கும் என்றும் படித்தேன். அம்மா நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெல்சிங்கியில் 'ஓடி' என்ற பெயரில் இருக்கும் நூலகத்தைப் பார்ப்பதற்காகவே வருகிறார். முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பேசாமல் வெள்ளியன்றே ஏரிக்குப் போய்விட்டு, கடைசியில் ஹெல்சிங்கிக்கு வரலாமா?

வடகாற்று:
வேண்டாங்க. நான் ஹெல்சிங்கிக்குப் பக்கத்து ஊரான எஸ்போவில் இருக்கிறேன். யுஹானுஸ் என்றால் நடுக்கோடைத் திருநாள், ஜூன் 20க்கும் 26க்கும் நடுவில் வரும் சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாளே ஊர் அடங்கிவிடும். ஹெல்சிங்கிக்காரர்கள் பாதிப்பேர் ஏரிக்கரையில் இருக்கும் தங்கள் மொக்கிக்கு, அதாவது கோடை வீட்டுக்கு, கிளம்பிவிடுவார்கள். வியாழன் மாலையும் வெள்ளியும் வடக்கே போகும் சாலைகளில் நெரிசல். வெள்ளி மாலையும் சனியும் ரயில், பஸ் குறைவு. ஏரிப் பக்கம் அந்த வார இறுதிக்கு அறை கிடைத்தாலும் விலை எகிறும். ஞாயிறு நிலைமை தலைகீழ். கூட்டமெல்லாம் தலைநகருக்குத் திரும்பும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். உங்கள் ஞாயிறு ரயிலை அப்படியே வையுங்கள்.

வெள்ளி, சனிக்குச் சுவோமென்லின்னா இருக்கிறது. 1748இல் கட்டத் தொடங்கிய கடல் கோட்டை, 1991 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். படகு வருடம் முழுக்க ஓடும், சந்தைச் சதுக்கத்திலிருந்து கால் மணி நேரம். நகரப் போக்குவரத்தின் ஏபி மண்டல டிக்கெட்டே படகுக்கும் செல்லும். தீவில் சுற்ற நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் உருளைக்கல் பாதை நிறைய. அம்மாவுக்கு நல்ல ஷூ வேண்டும், தீவு முழுக்க நடக்க வைக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலுக்கு மட்டும் ஏபிசி டிக்கெட் வாங்குங்கள், விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது.

செம்பருத்தி:
மிக்க நன்றி. அப்படியானால் ஓடி நூலகம்?

வடகாற்று:
யுஹானுஸுக்கு முந்தைய நாளும் அன்றும் மூடல்தான். புதன் காலை ரயிலில் திரும்பினால் மாலை முழுக்க அங்கேயே இருக்கலாம். மத்திய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை, நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே. லிப்ட் உண்டு. 2018 டிசம்பரில் திறந்தது. புத்தகங்கள் மூன்றாம் தளத்தில். இரண்டாம் தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, இசை ஒலிப்பதிவு அறை என்று பொதுமக்கள் பயன்படுத்த வைத்திருக்கிறார்கள். நூலகர் ஒருவருக்கு அந்த இரண்டாம் தளத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். புதன் அவசரமாகப் போனால் வியாழன் காலையும் ஒருமுறை போங்கள்.

தண்டவாளம்:
ரயில் பற்றி. சவோன்லின்னா என்று தேடினால் பஸ் கலந்த வழிகளும் வரும். பரிக்கலாவில் மாறும் வழியைத் தேர்ந்தெடுங்கள்: யோன்சூ போகும் ரயிலில் பரிக்கலா வரை, அங்கே சின்ன ரயில்பஸ், அதாவது தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயில். மொத்தம் நாலேகால் மணி நேரத்தை ஒட்டி வரும். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. கோடையில் தண்டவாளப் பணி நடந்தால் ஒரு பகுதிக்குப் பஸ் விடுவார்கள், முந்தின நாள் பார்த்துவிடுங்கள். ரயில்பஸ் புங்கஹார்யு வழியாகப் போகும். பனியுகம் விட்டுச் சென்ற சுமார் 7 கிலோமீட்டர் மணல்மேடு அது, இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே பைன் மரங்கள். அந்த நேரத்தில் போனைப் பார்க்காதீர்கள்!

ஏலக்காய்:
கார் எடுப்பதுதான் நல்லது. ஏரிப் பக்கம் ரயில் போகாத இடம்தான் அதிகம்.

தண்டவாளம்:
மொக்கி எடுத்துத் தங்கினால் நீங்கள் சொல்வது சரி. இவர்கள் ஊருக்குள் தங்குகிறார்கள், துறைமுகம் நடக்கும் தூரம். சுமார் 330 கிலோமீட்டர், வலப்பக்க ஓட்டம், குறுக்கே பாயும் மூஸ் மான். அம்மாவோடு இருவராகப் போகும் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

செம்பருத்தி:
நான் ஓட்டப் போவதில்லை, ரயிலே. சவோன்லின்னாவின் ஓலாவின்லின்னா கோட்டையில் படி ஏற முடியுமா? சைமா நீர்நாய் பார்க்கலாமா? சாப்பாடு?

வடகாற்று:
நீங்கள் கேட்பது நீர்நாய் இல்லை, சீல். அதன் பெயர் நொர்ப்பா. சைமா ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம், எண்ணிக்கை 500ஐ ஒட்டி. மே மாதம் முடி உதிர்க்கும்போது பாறைமேல் படுத்திருக்கும். ஜூன் கடைசியில் பார்ப்பது அரிது, அதற்கென்று தனிப் பணம் கட்ட வேண்டாம். கடைத்தெருவுக்கு எதிரே உள்ள துறையில் ஏரிப் படகு கிடைக்கும், சுமார் ஒன்றரை மணிச் சுற்று. அதுவே போதும்.

கோட்டை 1475இல் தொடங்கியது. உள்ளே குறுகலான செங்குத்துப் படிகள், முழங்கால் வலிக்கு ஆகாது. கரையிலிருந்தும் படகிலிருந்தும் பார்த்தாலே நிறைவு. கோட்டையில் நடக்கும் ஓபரா விழா ஜூலையில், ஆகவே உங்கள் தேதிக்கு அறை வாடகை இன்னும் ஏறியிருக்காது.

ஏலக்காய்:
சாப்பாட்டுக்கு நான். கலகுக்கோ என்று ரை ரொட்டி மாதிரி உருண்டையாக விற்பார்கள், தொடாதீர்கள், உள்ளே மீனும் பன்றிக்கொழுப்பும். கர்யலன்பீரக்கா வாங்குங்கள்: ரை மாவு ஓட்டில் பால்சோறு. மேலே முட்டைவெண்ணெய் தடவித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சவோன்லின்னா சந்தையில் லோர்ட்ஸு என்ற பொரித்த மடிப்புப் பண்டம் கிடைக்கும், ஆப்பிள் வைத்தது மட்டும் கேளுங்கள். கடையில் 'கஸ்விஸ்' என்று எழுதியிருந்தால் காய்கறி, ஆனாலும் முட்டை இருக்கலாம். வெள்ளி இறங்கியதும் முதல் வேலையாக இரண்டு நாளுக்கான பாலும் பழமும் வாங்கி வையுங்கள். கண்மறைப்புத் துணியும் எடுத்து வாங்க, இரவு பத்தே முக்காலுக்குமேல்தான் சூரியன் மறையும், நாலு மணிக்கு முன்பே எழும்.

செம்பருத்தி:
முடிவு செய்துவிட்டேன். வெள்ளி, சனி சுவோமென்லின்னாவும் கடற்கரையும். ஞாயிறு பரிக்கலா வழியாக ரயில், புதன் காலை திரும்பல். புதன் மாலையும் வியாழன் காலையும் ஓடி நூலகம். அம்மாவிடம் சொன்னேன். கோட்டைப் படி போனதில் அவருக்கு வருத்தமே இல்லை, இரண்டாம் தளத்துத் தையல் இயந்திரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார். அதை வெளியூர்க்காரர் தொட்டுப் பார்க்கலாமா?

வடகாற்று:
பார்க்கலாம். உட்கார்ந்து தைக்க முன்பதிவும் அடையாளமும் கேட்பார்கள். பணியாளரிடம் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், நிதானமாக விளக்குவார்கள்.