பிசிஓஎஸ்க்கு கழற்சிக்காய் எடுக்கலாமா?

காரைக்குடிப்பொண்ணு: பிசிஓஎஸ்னு, அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்ற ஹார்மோன் பிரச்சினைக்கு, டாக்டர் மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க, எங்க ஆச்சி கழற்சிக்காய் பருப்ப மிளகோட இடிச்சுத் தர்றேன், வெந்தயமும் ஊறப்போட்டுத் தின்னுங்கிறாங்க, மாத்திரையோட சேர்த்து எடுக்கலாமா அக்கா?

தேவகோட்டை அக்கா: வெந்தயமும் சர்க்கரையக் குறைக்கும்டா, மாத்திரையோட சேர்ந்தா இன்னும் இறங்கலாம், அதனால டாக்டர்ட்ட சொல்லிட்டு எடு. பிசிஓஎஸ்க்கு புதினா டீயும் சொல்வாங்க, அது பத்தி 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, 42 பேர்தான், 30 நாள்ல முகத்துல முடி வளர வைக்கிற டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் குறைஞ்சிருக்கு, ஆனா முகத்துல முடி அளந்து பார்த்தா குறையல, அதுக்கு இன்னும் ரொம்ப நாளாகும்.

பள்ளத்தூர் மருமக: கழற்சிக்காய சித்த மருத்துவர் பார்த்து அளவு சொல்லட்டும், குழந்தைக்கு முயற்சி பண்றவங்க தானா எடுக்கவே வேணாம். ஹார்மோன் பேலன்ஸ்னு ஆன்லைன்ல விக்கிற டப்பா பக்கம் தயவுசெஞ்சு போகாத. ஆச்சி உளுந்தங்களி கிண்டுனா கருப்பட்டிய மட்டும் குறைக்கச் சொல்லு, அதுவும் சர்க்கரைதானே