அம்மாவுக்கு இல்லம் தேடுகிறேன்: எதைப் பார்த்து நம்புவது?

பீனிக்ஸ் மகன்:
தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கிறோம். அம்மாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. ஞாபகமும் தடுமாறுகிறது. போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஃப்ரெயில் கேர் (தளர்ந்தவர்களுக்கு முழுநேரப் பராமரிப்பு) உள்ள இரண்டு இல்லங்களைப் பார்த்து வந்தோம். ஒன்று கடற்கரைப் பக்கம். புதுக் கட்டடம், வரவேற்பறை ஹோட்டல் மாதிரி. மற்றது சாட்ஸ்வொர்த்தில் சமூகத்தார் நடத்தும் பழைய இல்லம். சுவரில் பெயிண்ட் உரிந்து கிடக்கிறது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசம். முதலாவதுக்குக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மனைவி பழையதையே சொல்கிறாள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் புதியதுதான் என்கிறார். அவர் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், ஆனால் தீர்ப்பு அவருடையது. நீங்களெல்லாம் எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தம்பி, பெயிண்டை விடுங்கள். காலை பத்து மணிக்குச் சுற்றிக் காட்டும்போது எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். 31 வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பேர்? அதில் தோளில் மெரூன் பட்டை போட்டவர் ஒருவராவது உண்டா? அந்தப் பட்டை இருந்தால்தான் பதிவுபெற்ற நர்ஸ். வெள்ளை உடுப்புப் போட்டவரெல்லாம் சிஸ்டர் இல்லை, பாதிப் பேர் கேர்கிவர்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, முதுகு ஒடிய வேலை செய்பவர்கள் அவர்கள்தான். ஆனால் மூச்சு வாங்கும்போது என்ன செய்வதென்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும். பதிவு உண்டா என்று நர்சிங் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம்.

அடுத்தது எடைக் கணக்கு. மாதா மாதம் எடை பார்க்கிறார்களா? 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57-க்கு வந்தால் அது 5 சதவீதம், ஏன் என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். பல நேரம் காரணம் நோய் இல்லை, ஊட்டிவிட ஆள் இல்லாததுதான். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் மதியத்தில் எல்லோரும் வரிசையாகத் தலை தொங்கி உட்கார்ந்திருந்தால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தோங்காட்காரன்:
சிஸ்டர் மன்னிக்கணும், சீட்டு என்றாலே எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் அப்பா ஓர் இல்லத்தில் இருந்தார், பெயர் வேண்டாம். ஒரு நாள் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் துணிமணி எடுக்கப் போனால் கட்டில் காலடியில் அந்தச் சீட்டு தொங்குகிறது. விடிகாலை 2 மணி, 4 மணி, 6 மணி மூன்றிலும் புரட்டியதாகக் கையெழுத்து! ஆள் ஆஸ்பத்திரியில், தலையணையைப் புரட்டினார்கள் போலிருக்கிறது. குதிகாலில் காசு அளவு புண்ணோடுதான் அவர் போனார். ஆகவே பேப்பரை நம்பாதீர்கள். மூக்கை நம்புங்கள். மூத்திர நாற்றம் அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பொய்யைப் பிடித்துக் கொடுத்ததே அந்தச் சீட்டுதானே? அது இல்லாவிட்டால் உங்களிடம் என்ன ஆதாரம்? "புரட்டினோம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, சீட்டில் இருப்பதும் காலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இல்லத் தொண்டர்:
நான் ஒரு சமூக இல்லத்தில் சனிக்கிழமைதோறும் போய் உதவுகிறவன். மூக்கு விஷயத்தில் ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்கு முப்பது பேருக்கு நாப்பி மாற்றும்போது எந்த இல்லமும் மணக்காது. மதியம் மூன்று மணிக்கும் அதே நாற்றம் இருந்தால்தான் கேள்வி. மாறாக எந்நேரமும் ஃபினாயில் மட்டுமே அடித்தால் அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

தோங்காட்காரன்:
சரி, அது நியாயம். ஆனால் உங்கள் மாதிரி உள்ளே இருப்பவர்கள் எப்போதும் ஒரு சமாதானம் வைத்திருப்பீர்கள்.

மூத்தவர், வெருலம்:
இதையெல்லாம் படிக்கவே மனசு வலிக்கிறது. 1860-இல் கப்பலேறி வந்து கரும்புத் தோட்டத்தில் மாடாக உழைத்த ஜனங்கள் நாம். ஒரே தகரக் கொட்டகையில் மூன்று தலைமுறை இருந்தபோதும் ஆயாவைத் தாத்தாவை வெளியே அனுப்பவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தோம். எந்த இல்லம் நல்ல இல்லம் என்று கேட்பதே தப்பான கேள்வி. நல்ல இல்லம் மகனுடைய வீடு.

மருமகள்:
பெரியப்பா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் "பார்த்தோம்" என்று சொல்கிறீர்களே, அதில் யார் யார் உண்டு? எங்கள் வீட்டில் மாமியாரை நான்கு வருடம் பார்த்தது நான் ஒருத்திதான். தூக்கித் தூக்கி என் முதுகெலும்பு விலகியது. இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும். அவருக்குப் படுக்கைப் புண் வந்தது இல்லத்தில் இல்லை, என் வீட்டில், என் கையில். இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து புரட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தாலும் மூன்றாவது ராத்திரி நான் எழுந்திருக்க மாட்டேன். வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசி ஒன்றரை வருடம் இல்லத்தில் இருந்தார், அங்கே போய்த்தான் புண் ஆறியது.

மூத்தவர், வெருலம்:
உன் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை அம்மா. என் மனசு ஒப்பவில்லை, அவ்வளவே.

சட்டம் தெரிந்தவன்:
இங்கிலாந்தில் அரசு ஆய்வாளர்கள் ஒவ்வொரு இல்லத்துக்கும் மிகச் சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், போதாது என்று நான்கில் ஒரு மதிப்பீடு கொடுத்து இணையத்தில் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2008 முதல் ஐந்து நட்சத்திரம். நம் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் மக்கள் கைக்கு வரவில்லை. ஆனால் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதியோர் சட்டம் 2006-இல் எழுதப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சமூக வளர்ச்சித் துறையில் பதிவு செய்யாமல் இல்லம் நடத்தக் கூடாது. குடியிருப்போர் குழு வேண்டும். ஒருவரை வெளியேற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

பேப்பர்தானே என்பவர்களுக்கு எசிடிமேனி நினைவிருக்கட்டும். 2016-இல் கௌடெங் மாகாண அரசு எசிடிமேனி இல்லங்களில் இருந்த மனநோயாளிகளைச் செலவு மிச்சம் என்று செல்லுபடியான உரிமம் இல்லாத இடங்களுக்கு மாற்றியது. 144 பேர் செத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி மொசெனெகே விசாரித்தபோது பசி, தாகம், குளிர் என்றுதான் சாட்சிகள் சொன்னார்கள். அது முதியோர் இல்லம் இல்லை, தெரியும். ஆனால் உரிமத்தை யாரும் கேட்காவிட்டால் எது வரைக்கும் போகும் என்பதற்கு அதுதான் கணக்கு.

தோங்காட்காரன்:
நட்சத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் முதல் பல வருடங்கள் ஆட்கள் எத்தனை என்பதை இல்லங்களே சொல்ல, அதை வைத்துத்தான் ஆள்பலத்துக்கான நட்சத்திரம் கொடுத்தார்கள். பரீட்சைத் தாளைப் பையனே திருத்தின கதை. பிறகுதான் சம்பளப் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினார்கள். சான்றிதழ் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டிய இல்லத்தில்தான் என் அப்பா இருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தோங்காட்டில் குடிநீர் நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் சொட்டு இல்லை. படுக்கையில் இருப்பவர்களை எதை வைத்துக் கழுவுவது? இல்லத்தில் தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க் எத்தனை, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். கரண்ட் போனால் காற்று மெத்தையும் ஆக்சிஜன் மெஷினும் நின்றுவிடும்.

இல்லத் தொண்டர்:
அருமையான கேள்வி. நானும் ஒன்று சேர்க்கிறேன், யாரும் தொடாததால். பாஷையும் சாப்பாடும்.

ஞாபகம் போகும்போது கடைசியாகக் கற்ற பாஷைதான் பல பேருக்கு முதலில் போகிறது. ஐம்பது வருடம் ஆங்கிலம் பேசிய ஆயா திடீரென்று தமிழில் மட்டும் கூப்பிடுவார். கேர்கிவர்களுக்கோ தாய்மொழி ஜூலு. எங்கள் இல்லத்தில் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம்: தண்ணி, வலி, குளிருது, வெளிக்குப் போகணும், இப்படிப் பன்னிரண்டு வார்த்தை. பக்கத்தில் ஜூலுவில். 'தண்ணி' என்றால் 'அமான்ஸி' என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், ஒருவர் பகல் முழுக்கத் தாகத்தோடு கிடக்க அது தெரியாததே போதும். இங்கே ஒரு ஜூலுப் பெண் "கோகோ (ஜூலுவில் பாட்டி), தண்ணி?" என்று கேட்கும்போது அந்த ஆயாக்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

புரட்டாசி மாதம் பாருங்கள். மகன் பெயர்கூட மறந்தவர், தட்டில் கோழிக்கறி வைத்தால் தள்ளிவிடுவார். சமையலறைக்கு அது தெரியாவிட்டால் "சாப்பிட மறுத்தார்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். சிஸ்டர் சொன்ன எடைக் கணக்கு அந்த மாதம் ஏன் இறங்குகிறது என்று பிறகு டாக்டரைக் கேட்பார்கள்.

மருமகள்:
நான் கண்ட ஒரே அளவுகோல்: நாம் அடிக்கடி போவது. வாரம் மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில். அப்படிப் போனால் எந்த இல்லமும் ஒழுங்காக இருக்கும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
உங்கள் மாமியாரிடம் ஒழுங்காக இருக்கும். அதுதான் சிக்கல். வருகிறவர்கள் உள்ள கட்டிலுக்கு முதலில் விரிப்பு மாறும், இது எல்லா வார்டிலும் நடப்பது, என் வார்டிலும் நடந்தது. அதனால் தம்பி, இல்லத்துக்குப் போனால் உங்கள் அம்மாவுக்குக் காட்டும் அறையைப் பார்க்காதீர்கள். யாருமே பார்க்க வராத ஆயா எந்தக் கட்டில் என்று விசாரித்து அங்கே போங்கள். நகத்தைப் பாருங்கள். உதடு வெடித்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர்க் கோப்பை கை எட்டுகிற பக்கம் இருக்கிறதா, எட்டாத பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

இல்லத் தொண்டர்:
இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் ஏழு குழு பலகாரத்தோடும் கேமராவோடும் வரும், பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. ஜனவரியில் வாசலில் ஈ காக்கை கிடையாது. ஜனவரியில் வந்து பாருங்கள்.

பீனிக்ஸ் மகன்:
சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, சொல்லாமல், இரண்டுக்கும் போய் வந்தேன்.

புது இல்லத்தில் கேட்டில் நிறுத்தி மேனேஜருக்குப் போன் போட்டு 25 நிமிஷம் கழித்து உள்ளே விட்டார்கள். இரவுச் சாப்பாடு நாலரைக்கே முடிந்துவிட்டதாம். எல்லோரும் படுக்கையில், டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு வலது கை செயலிழந்து போயிருந்தது. தண்ணீர்க் கோப்பை வலது பக்கம் இருந்தது. குடிக்காமல் நிறைந்தபடியே இருந்தது.

சாட்ஸ்வொர்த்தில் ஒரே சத்தம். ஒரு பெண் இரண்டு பேருக்கு மாறி மாறி ஊட்டிக்கொண்டிருந்தாள், ஒரே கரண்டியால். அது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டும் வந்தேன். ஆனால் பேசிக்கொண்டே ஊட்டினாள். யாரும் வராத ஆயா யார் என்று கேட்டதும் கோபித்துக்கொள்ளாமல் கூட்டிப் போனார்கள். தலையில் எண்ணெய், நகம் வெட்டியிருந்தது. குதிகாலையும் பார்த்தேன், சுத்தம். ஆனால் ராத்திரிக்கு மெரூன் பட்டை யாரும் இல்லை. சிஸ்டர் வீட்டிலிருந்து போனில் கிடைப்பார் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
வீடு எவ்வளவு தூரம்?

பீனிக்ஸ் மகன்:
அடுத்த தெரு. பத்து நிமிஷம் என்றார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக ராத்திரியில் எப்போது அவரை அழைத்தார்கள், எத்தனை நிமிஷத்தில் வந்தார் என்றும் கேளுங்கள். புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்.

தோங்காட்காரன்:
எழுதியிருப்பதையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

பீனிக்ஸ் மகன்:
செய்கிறேன். அண்ணன் அடுத்த வாரம் விமானத்தில் வருகிறாராம், இரண்டையும் தானே பார்க்க வேண்டுமாம். புது இல்லத்தில் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டதாகச் சொல்கிறார்.

மருமகள்:
ஃப்ளைட் லேட் என்று சொல்லி மாலை ஆறரைக்கு அழைத்துப் போங்கள்.