என்எஃப் கப்பா பி-யை எழுப்புவது புரிகிறது, படுக்க வைப்பது யார்?

முக்கூடல்காரி:

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம் படிக்கிறேன். அடுத்த புதன்கிழமை செமினார். அழற்சி வரும்போது செல் தன் ஜீன்களை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது தலைப்பு.

ஆரம்பம் வரைக்கும் புரிகிறது. பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எல்பிஎஸ் என்ற மூலக்கூறை, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் டிஎல்ஆர்4 என்ற ரிசெப்டர் கண்டுகொள்கிறது, சேதி உள்ளே போய் ஐகேகே என்ற என்சைமை எழுப்புகிறது, அது ஐகப்பாபி என்ற புரோட்டீனின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, ஒட்டியதும் ஐகப்பாபி, செல்லின் புரோட்டீன் அரைவை மில்லான புரோட்டியசோமில் அரைபட்டுப் போகிறது, அதுவரை அதன் பிடியில் இருந்த, ஜீன்களை எழுப்பும் புரோட்டீனான என்எஃப் கப்பா பி நியூக்ளியஸுக்குள் ஓடி டிஎன்எஃப், ஐஎல்-6, காக்ஸ்-2 என்று வரிசையாக அழற்சி ஜீன்களை முடுக்கிவிடுகிறது. சரி, அப்புறம்? "கிருமி அழிந்ததும் இச்செயல் தானே நின்றுவிடும்" என்று நோட்ஸில் ஒரே வரிதான் இருக்கிறது. தானே என்றால் எப்படி?

போன மாதம் ஆச்சி வயலில் உடைமுள் குத்தி என் குதிகால் பணியாரம் மாதிரி வீங்கியது, நாலு நாளில் வடிந்தும் விட்டது. ஆச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாள், அவள் கணக்கில் அதனால்தான் வடிந்தது. என் கணக்கில் பதிலே இல்லை.

கொக்கிரகுளத்தான்:

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் பார்த்திருப்பாய். வடம் பிடிக்கிறவர்கள் ஒரு கூட்டம், சறுக்குக்கட்டை போட்டு நிறுத்துகிறவர்கள் வேறு கூட்டம். செல்லிலும் அப்படித்தான். கிருமி போனால் சிக்னல் நிற்கும், புது ஐகப்பாபி வந்து பிடித்துக்கொள்ளும். ரொம்பக் குழப்பிக்கொள்ளாதே தங்கச்சி.

சிந்துபூந்துறை:

அண்ணாச்சி, உவமை நல்ல உவமைதான், ஆனால் முக்கியமான இடத்தில் சறுக்குகிறது. இங்கே இரண்டு கூட்டம் இல்லை. வடம் பிடிக்கிறவனே இழுத்துக்கொண்டே தனக்கான கட்டையையும் செதுக்குகிறான்.

என்எஃப் கப்பா பி உள்ளே போய் முதல் ஆளாக எழுப்பும் ஜீன்களில் ஒன்று ஐகப்பாபி ஆல்ஃபாவின் ஜீன், அதாவது தன்னைக் கட்டிப்போடும் புரோட்டீனின் ஜீன். சிக்னல் வந்த கால் மணி நேரத்துக்குள் பழைய ஐகப்பாபி கிட்டத்தட்டக் காலியாகிவிடும், ஒரு மணி நேரம் ஆவதற்குள் புதிது தயாராகிவிடும். அது நியூக்ளியஸுக்குள்ளேயே போய் என்எஃப் கப்பா பி-யை டிஎன்ஏ-விலிருந்து கழற்றி வெளியே இழுத்து வரும். வெளியே சிக்னல் இன்னும் இருந்தால் ஐகேகே அதையும் அரைக்கக் கொடுக்கும், மறுபடி உள்ளே ஓட்டம். டிஎன்எஃப் ஊற்றிக்கொண்டே இருந்தால் இந்தப் போக்குவரத்து சுமார் 100 நிமிடத்துக்கு ஒருமுறை நடப்பதை, ஒளிரும் புரோட்டீனை ஒட்டி ஒவ்வொரு செல்லாகப் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். ஆக, கிருமி சாகும்வரை பிரேக் காத்திருப்பதில்லை. முடுக்கிய முதல் மணி நேரத்திலேயே பிரேக் தயார்.

ஏ20 என்ற புரோட்டீனும் இதே வகைதான், என்எஃப் கப்பா பி எழுப்பி, அதுவே மேலே போய் ஐகேகே-க்கு வரும் சேதியை அறுக்கும். இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும்: ஐகப்பாபி ஆல்ஃபா ஜீன் இல்லாத எலிக்குட்டிகள் பிறந்து பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. மனிதரில் ஏ20 ஜீனின் ஒரு பிரதி மட்டும் பழுதானாலே சின்ன வயதிலிருந்து வாய்ப்புண், காய்ச்சல், மூட்டு வலி என்று மாறி மாறி வரும் ஒரு நோயை 2016-இல் விவரித்தார்கள்.

தலைப்பை விட்டு ஒரு வார்த்தை. என்எஃப் கப்பா பி-யை 1986-இல் கண்டுபிடித்தவர்கள் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும். ஆன்டிபாடி செய்யும் பி செல்லில், அந்த ஆன்டிபாடியின் கப்பா சங்கிலி ஜீனோடு ஒட்டும் ஒன்றாகப் பார்த்ததால் இந்த வாயில் நுழையாத பெயர். பிறகு அநேகமாக எல்லாச் செல்லிலும் இருப்பது தெரிந்தது, பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

ராத்திரி ஷிஃப்ட்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாதிதான். ஜீனை மூடிவிட்டால் போதுமா? அதற்குள் அடித்துத் தள்ளிய எம்ஆர்என்ஏ, அதாவது புரோட்டீன் செய்ய ஜீனிலிருந்து எடுத்த நகல், சைட்டோபிளாசத்தில் கிடக்கிறதே, அது இருக்கும்வரை டிஎன்எஃப் வந்துகொண்டுதானே இருக்கும்.

அதற்கு செல் வைத்திருக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. டிஎன்எஃப் எம்ஆர்என்ஏ-வின் வால் பகுதியில் ஏ-யூ-யூ-யூ-ஏ என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். "என்னைச் சீக்கிரம் அழித்துவிடு" என்று சீட்டிலேயே எழுதி அனுப்புகிற மாதிரி. ட்ரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரோட்டீன், சுருக்கமாக டிடிபி, அந்த இடத்தில் உட்கார்ந்து எம்ஆர்என்ஏ-வை வெட்டும் என்சைம்களைக் கூட்டி வரும். வேடிக்கை என்னவென்றால் அழற்சியின் முதல் கட்டத்தில் பி38 என்ற கைனேஸ் பாதை டிடிபி மேல் பாஸ்பேட் ஒட்டவைத்து அதன் கையைக் கட்டிவிடும், அதனால் டிஎன்எஃப் தாராளமாக வரும். பி38 அடங்கியதும் கட்டு அவிழும், சேர்ந்து கிடக்கும் டிடிபி மொத்தமும் வேலைக்கு இறங்கும். டிடிபி-யின் சொந்த எம்ஆர்என்ஏ-விலும் அதே எழுத்துகள் உண்டு, தன்னையும் அதுவே தீர்த்துக்கொள்ளும். டிடிபி ஜீனை எடுத்துவிட்ட எலிகள் உருகி மெலிந்து மூட்டுவாதம் வந்து கிடந்தன என்று 1996-இல் காட்டினார்கள். டிஎன்எஃப்-ஐ ஆன்டிபாடி கொடுத்துத் தடுத்தால் அந்த எலிகள் அநேகமாக நன்றாக இருந்தன.

எம்ஆர்என்ஏ-வின் ஆயுளை அளக்க ஆக்டினோமைசின் டி போட்டுப் புது எம்ஆர்என்ஏ வராமல் நிறுத்திவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை செல்களை எடுத்து மீதியை எண்ண வேண்டும். நான் அப்படி இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன், டீக்கடைக்காரருக்குத்தான் அதில் லாபம்.

முக்கூடல்காரி:

சார், அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. எங்கள் மேடம் "அதே செல்லுக்கு மறுநாளும் எல்பிஎஸ் கொடுத்தால்?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். அப்புறம் ஆச்சியின் மஞ்சள்?

சிந்துபூந்துறை:

மறுநாள் அதே ஆட்டம் நடக்காது. இதற்கு 2007-இல் ஃபாஸ்டர், ஹார்க்ரீவ்ஸ், மெட்ஜிடோவ் செய்த வேலையைச் சொல். இரண்டாம் முறை ஐஎல்-6 மாதிரி உடம்பையே புண்ணாக்கும் ஜீன்கள் எழுந்திருக்கவில்லை. கிருமியைக் கொல்லும் புரோட்டீன்களின் ஜீன்கள் மட்டும் எழுந்தன, சில முன்னைவிட அதிகமாகவே. சேதி வரும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அந்தந்த ஜீனின் டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரோட்டீன்களில், அதாவது எது திறந்திருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்பதில். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களின் மோனோசைட் என்ற வெள்ளணுவில் இதற்கு நேர்மாறாக, வேறு கிருமிக்கும் வேகம் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஹிஸ்டோன் அடையாளங்களோடு சேர்ந்ததுதான். இரண்டையும் ஒரே ஸ்லைடில் போட்டால் மேடம் அடுத்த கேள்வியை மறந்துவிடுவார்.

மஞ்சள்: தட்டில் வளர்த்த செல்லில், மஞ்சளில் உள்ள குர்குமின் ஐகேகே பாதையை அடக்குவது உண்மை. வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். உன் குதிகாலை வடிய வைத்தது உன் ஐகப்பாபி-யும் டிடிபி-யும் என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன், ஆனால் இதை ஆச்சியிடம் போய்ச் சொல்லாதே.

கொக்கிரகுளத்தான்:

கட்டையைச் செதுக்குகிறவன் கதையை ஒப்புக்கொள்கிறேன். அதே மாதிரி வீக்கத்துக்குத்தான் எங்கள் தெரு மருந்துக்கடையில் எனக்குச் சீட்டு இல்லாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். அதுவும் இந்தப் பாதைதானா?

ராத்திரி ஷிஃப்ட்:

அதுவேதான் அண்ணாச்சி. அந்த மருந்து தன் ரிசெப்டரோடு சேர்ந்து நியூக்ளியஸுக்குள் போய் என்எஃப் கப்பா பி-யை அமுக்கும், டிடிபி-யையும் கூட்டும். வீக்கம் சட்டென்று வடியும், உள்ளே கிருமி இருந்தால் அதற்கும் கொண்டாட்டம். இனி டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

தங்கச்சி, ஸ்லைடு போடும்போது ஐகேகே-யையும் ஐகப்பாபி-யையும் இடம் மாற்றிவிடாதே. என் முதல் செமினாரில் நான் மாற்றிப் போட்டு, அரைபட வேண்டியது அரைத்துக்கொண்டிருந்தது, அதைக் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தன்தான் கண்டுபிடித்தான்.